ஓர் அறைக்கு எத்தனை லிட்டர் பெயின்ட், எத்தனை லிட்டர் பிரைமர்? கணக்குப் போடும் முறை

ஒரே அளவுள்ள இரண்டு அறைகள். ஒன்றுக்கு ஆறு லிட்டரில் வேலை முடிந்துவிடுகிறது, இன்னொன்றுக்குப் பன்னிரண்டு லிட்டர் பிடிக்கிறது. இது அடிக்கடி நடப்பதுதான். சுவர் எந்த நிலையில் இருக்கிறது, எந்த நிறத்தின் மேல் எந்த நிறம் ஏறப்போகிறது, டின்னில் அச்சிட்ட கவரேஜ் எண் (ஒரு லிட்டர் எவ்வளவு பரப்பை மூடும் என்பது) எத்தனை கோட்டுக்கானது (ஒரு கோட் என்றால் சுவர் முழுக்க ஒரு முறை அடிப்பது), இந்த மூன்றும் சேர்ந்துதான் லிட்டரைத் தீர்மானிக்கின்றன. அறையின் நீள அகலத்தை மட்டும் கேட்டுவிட்டு யாராவது "பத்து லிட்டர் வாங்குங்க" என்று சொன்னால், அது குத்துமதிப்புதான்.

கணக்கு என்று பார்த்தால் பெருக்கல், கழித்தல், வகுத்தல் அவ்வளவே. அதற்குப் பத்து நிமிடம் போதும். மீதி நேரத்தைச் சுவரைத் தடவிப் பார்ப்பதற்கும் டின்னைப் படிப்பதற்கும் ஒதுக்குங்கள். பிழை நுழைவது அந்த இரண்டு இடங்களில்தான்.

சுவரை அளப்பது

டேப்பை எடுத்து ஒவ்வொரு சுவரின் நீளத்தையும் தனித்தனியாக அளந்து எழுதுங்கள். வீட்டு வரைபடத்தில் இருக்கும் எண்ணை அப்படியே எடுக்க வேண்டாம். கட்டி முடித்த அறை சில அங்குலம் கூடவோ குறையவோ இருக்கும். எதிரெதிர்ச் சுவர்கள் சமமாக இருக்கும் என்றும் நம்ப வேண்டாம். நான்கு நீளங்களையும் கூட்டினால் அறையின் சுற்றளவு கிடைக்கும். அதை உயரத்தால் பெருக்கினால் சுவர்ப் பரப்பு.

உயரம் என்றால் பெயின்ட் படும் உயரம். தரையோரம் ஸ்கர்ட்டிங் டைல்ஸ் ஓடினால் அதற்கு மேலிருந்து அளக்க வேண்டும். மேலே ஃபால்ஸ் சீலிங் இருந்தால் அதன் அடிவரை அளந்தால் போதும். சாய்ந்த கூரை உள்ள அறையில் மேலே முக்கோணமாக ஒரு சுவர் நிற்கும். அதன் அடிநீளத்தை உயரத்தால் பெருக்கிப் பாதியாக்கிச் சேர்த்துக்கொள்ளுங்கள். துருத்தி நிற்கும் தூண், பீம் இருந்தால் அவற்றின் பக்கவாட்டு முகங்களும் பரப்புதான். பலரும் முன்முகத்தை மட்டும் எண்ணிவிட்டுப் பக்கங்களை விட்டுவிடுகிறார்கள்.

ஓர் எடுத்துக்காட்டைக் கடைசிவரை கொண்டுபோகலாம். அறை 12 அடிக்கு 10 அடி, உயரம் 10 அடி. சுற்றளவு 12 + 10 + 12 + 10 = 44 அடி. சுவர்ப் பரப்பு 44 × 10 = 440 சதுர அடி. சீலிங் 12 × 10 = 120 சதுர அடி. சீலிங்கைச் சுவரோடு சேர்க்காமல் தனியாக எழுதி வையுங்கள். அதற்குப் பெரும்பாலும் வேறு பெயின்ட், வேறு நிறம் வரும்.

இனி கதவும் ஜன்னலும். 3 அடிக்கு 7 அடி கதவு ஒன்று, 21 சதுர அடி. 4 அடிக்கு 4 அடி ஜன்னல் இரண்டு, 32 சதுர அடி. மொத்தம் 53. இதை அப்படியே கழித்துவிடலாம் என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். ஜன்னல் சுவரின் வெளிப்பக்கமாகத் தள்ளிப் பொருத்தப்பட்டிருந்தால், அதைச் சுற்றி உள்பக்கம் ஒரு சுவர் விளிம்பு இருக்கும். அது அரை அடி ஆழம் என்று வைத்துக்கொண்டால், ஒரு ஜன்னலின் சுற்றளவு 16 அடி, 16 × 0.5 = 8 சதுர அடி. இரண்டு ஜன்னலுக்கு 16. இந்த விளிம்புகளுக்கும் பெயின்ட் அடிக்கத்தான் போகிறோம். ஆக உண்மையில் கழிக்க வேண்டியது 53 − 16 = 37 சதுர அடி. 440 − 37 = 403.

அதனால்தான் சின்ன ஜன்னல், வென்டிலேட்டர், சுவிட்ச் பலகை இவற்றையெல்லாம் கழிக்கவே வேண்டாம் என்று சொல்வேன். கழித்து மிச்சப்படுவது ஓரங்களிலும் மூலைகளிலும் போய்விடும். முழுச் சுவர் அளவுக்குக் கண்ணாடிக் கதவோ, உள்ளே பதித்த அலமாரியோ இருந்தால் மட்டும் தவறாமல் கழியுங்கள். நகர்த்தக்கூடிய பீரோவின் பின்பக்கத்தைக் கழிக்காதீர்கள். நாளைக்கு அதை நகர்த்தினால் பழைய நிறம் அப்படியே தெரியும்.

மீட்டரில் அளப்பவர்கள் மீட்டரிலேயே கடைசிவரை போகலாம். நடுவில் அலகு மாற்றுவதுதான் ஆபத்து. மாற்றியே ஆகவேண்டுமென்றால் ஒரு சதுர மீட்டர் 10.76 சதுர அடி. சில டின்களில் கேலன் கணக்கு இருக்கும். அமெரிக்க கேலன் 3.785 லிட்டர், பிரிட்டிஷ் கேலன் 4.546 லிட்டர். இரண்டும் ஒன்றல்ல என்பதை நினைவில் வையுங்கள்.

டின்னில் இருக்கும் எண்ணைப் படிப்பது

இந்தப் பகுதியை மட்டும் நிதானமாகப் படியுங்கள். தவறாக வாங்குபவர்களில் பெரும்பாலோர் சறுக்கும் இடம் இது.

ஒவ்வொரு டின்னிலும் ஒரு லிட்டர் எவ்வளவு பரப்பை மூடும் என்று போட்டிருக்கும். சில தயாரிப்பாளர்கள் அதை ஒரு கோட்டுக்குச் சொல்கிறார்கள், சிலர் இரண்டு கோட்டுக்குச் சேர்த்துச் சொல்கிறார்கள். அது சின்ன எழுத்தில் பக்கத்திலேயே இருக்கும். அதைக் கவனிக்காவிட்டால் கணக்கு இரண்டு மடங்கு கூடும், அல்லது பாதியாகும்.

எண்ணை வைத்தே பார்த்துவிடலாம். டின்னில் லிட்டருக்கு 120 சதுர அடி என்று இருக்கிறது, அது ஒரு கோட்டுக்கானது. நீங்கள் அதை இரண்டு கோட்டுக்கானது என்று எடுத்துக்கொண்டால் 403-ஐ 120-ஆல் வகுத்து மூன்றரை லிட்டர் வாங்கி வருவீர்கள். முதல் கோட் முடியும்போதே டின் காலி. மாறாக, டின்னில் 60 என்று இருந்து அது இரண்டு கோட்டுக்கும் சேர்த்த எண் என்றால், தேவை 403 ÷ 60, அதாவது 6.7 லிட்டர்தான். அதை ஒரு கோட்டுக்கு என்று நினைத்து இரண்டால் பெருக்கினால் 13 லிட்டருக்கு மேல் வாங்கிவிடுவீர்கள்.

அடுத்தது, அந்த எண் எங்கிருந்து வருகிறது என்பது. அது தெரிந்தால் எவ்வளவு நம்பலாம் என்பதும் தெரியும். ஒரு லிட்டர் பெயின்ட்டை 10 சதுர மீட்டரில் சீராகப் பரப்பினால் ஈரப் படலத்தின் தடிமன் 0.1 மில்லிமீட்டர், அதாவது 100 மைக்ரான். தண்ணீரோ தின்னரோ ஆவியானதும் மிஞ்சுவது திடப்பொருள் மட்டும்தான். கன அளவில் நூற்றுக்கு 40 பங்கு திடப்பொருள் இருந்தால் காய்ந்த படலம் 40 மைக்ரான் நிற்கும், ஒரு தலைமுடியின் தடிமன்கூட இருக்காது. தொழில்நுட்பக் குறிப்பேட்டில் திடப்பொருள் சதவீதம் கொடுத்திருந்தால் நீங்களே போட்டுப் பார்க்கலாம்: சதவீதத்தை 10-ஆல் பெருக்கி, வேண்டிய காய்ந்த தடிமனால் (மைக்ரானில்) வகுங்கள். 40 × 10 ÷ 40 = 10. லிட்டருக்கு 10 சதுர மீட்டர், அதாவது சுமார் 107 சதுர அடி.

இது ஏட்டுக் கணக்கு. வழவழப்பான, உறிஞ்சாத பரப்பில், துளி வீணாகாமல் அடித்தால் வரும் எண். நம் சுவர் அப்படி இருக்காது. ரோலரில் ஊறி நிற்பது, தட்டில் ஒட்டுவது, தரையில் சொட்டுவது எல்லாம் உண்டு. அதனால் டின்னில் 100 முதல் 130 வரை என்று ஒரு வீச்சு கொடுத்திருந்தால் கீழ் எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். உட்புறச் சுவருக்கான எமல்ஷன்களில் (தண்ணீர் கலந்து அடிக்கும் பெயின்ட்) ஒரு கோட்டுக்கு லிட்டருக்கு 100 சதுர அடி என்பது, வேறு தகவல் எதுவும் கையில் இல்லாதபோது தொடங்குவதற்கு நல்ல எண்.

தண்ணீர் கலப்பது பற்றி ஒரு வார்த்தை. டின்னில் சொன்ன அளவு தண்ணீர் கலப்பது சரி. ஆனால் வாங்கும் அளவைக் கணக்கிடும்போது அந்தத் தண்ணீரை லிட்டரில் சேர்க்காதீர்கள். தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், சுவரில் நிற்பது டின்னிலிருந்து வந்த திடப்பொருள் மட்டுமே. பெயின்ட் குறைகிறதே என்று கூடுதலாகத் தண்ணீர் ஊற்றி இழுத்தால் படலம் மெலிந்து பழைய நிறம் எட்டிப் பார்க்கும். கடைசியில் மூன்றாவது கோட் அடிக்க வேண்டிவரும்.

சுவர் எவ்வளவு குடிக்கும்?

கையால் சுவரைத் தேய்த்துப் பாருங்கள். வெள்ளையாகப் பொடி ஒட்டினால் அது பழைய சுண்ணாம்போ டிஸ்டெம்பரோ. அதன் மேல் எதை அடித்தாலும் பிடிக்காது. சுரண்டிக் கழுவிய பிறகுதான் கணக்கே. அப்புறம் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். சில விநாடிகளில் அந்த இடம் கறுத்து ஈரத்தை இழுத்துக்கொண்டால் சுவர் நிறையக் குடிக்கும். துளிகள் அப்படியே வழிந்தால் சுவர் மூடியிருக்கிறது, குறைவாகத்தான் குடிக்கும்.

புதுச் சிமென்ட் பூச்சும், முழுச் சுவருக்கும் இழுத்த பட்டியும் (சுவரைச் சமப்படுத்தப் பூசும் மாவு, புட்டி) அதிகம் குடிப்பவை. ஏற்கெனவே பெயின்ட் அடித்து நல்ல நிலையில் இருக்கும் சுவர் மிகக் குறைவாகக் குடிக்கும். சொரசொரப்பான பூச்சு, டெக்ஸ்சர் அடித்த சுவர் இரண்டிலும் வேறு பிரச்சினை. மேடுபள்ளங்களால் உண்மையான பரப்பு டேப் காட்டுவதைவிடக் கூடுதல். லேசான சொரசொரப்புக்கு நூற்றுக்கு 15, ஆழமான டெக்ஸ்சருக்கு 25 வரை கூட்டிக்கொள்ளலாம். பூசாத செங்கல், கான்கிரீட் பிளாக் சுவரென்றால் கவரேஜ் பாதியாகக்கூட இறங்கும்.

சந்தேகம் இருந்தால் ஊகிப்பதை விட்டுவிட்டுச் சோதித்துவிடுங்கள். ஒரே ஒரு சின்ன டின் வாங்கிக்கொள்ளுங்கள். ரோலரை முதலில் பெயின்ட்டில் நன்றாக ஊறவைத்து வடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் ரோலர் குடித்ததும் சுவர்க் கணக்கில் சேர்ந்துவிடும். பிறகு 200 மில்லி அளந்து தட்டில் ஊற்றி, அது தீரும்வரை வழக்கமான தடிமனில் அடித்து, பரப்பை அளவெடுங்கள். 20 சதுர அடி வந்தால் லிட்டருக்கு 100. 15 தான் வந்தது என்றால் லிட்டருக்கு 75. உங்கள் சுவர், உங்கள் கை, உங்கள் ரோலர் மூன்றும் சேர்ந்து சொன்ன எண் அது. டின்னில் இருப்பதைவிட இதையே நான் நம்புவேன். பெரிய வீடு முழுக்க அடிக்கப் போகிறீர்கள் என்றால் இந்தச் சோதனையைச் செய்யாமல் மொத்தமாக வாங்க வேண்டாம்.

பிரைமர் கணக்கு

பிரைமர் சுவரின் தாகத்தைத் தணிக்கிறது, பெயின்ட்டுக்குப் பிடிமானம் தருகிறது. பிரைமரை மிச்சம் பிடித்தால் அந்தச் செலவு பெயின்ட்டில் வந்து நிற்கும். பிரைமர் இல்லாத புதுச் சுவரில் முதல் கோட் பெயின்ட்டே பிரைமரின் வேலையைச் செய்யவேண்டி வருகிறது. அதிலும் ஒரு இடம் அதிகமாக உறிஞ்சி, இன்னொரு இடம் குறைவாக உறிஞ்சித் திட்டுத்திட்டாகத் தெரியும்.

எவ்வளவு வேண்டும்? முதலில் அடிப்பது பிரைமர் என்பதால் அதிகம் உறிஞ்சப்படுவதும் அதுதான். டின்னில் எவ்வளவு போட்டிருந்தாலும், புதுப் பூச்சிலோ பட்டியிலோ லிட்டருக்கு 60 முதல் 80 சதுர அடி என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு. நம் அறை புதிது, சீலிங்கும் சேர்த்து அடிக்க வேண்டும் என்று கொள்வோம். 403 + 120 = 523 சதுர அடி. நடுவான எண் 70 எடுத்தால் 523 ÷ 70 = 7.5 லிட்டர். நூற்றுக்குப் பத்து சேதாரம் கூட்டினால் 8.2. ஒரு கோட்டுக்கு எட்டு லிட்டரும் கொஞ்சமும்.

பட்டி வேலை இருந்தால் வரிசையைக் கவனியுங்கள். பட்டி இழுத்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்த பிறகு, பட்டியின் மேல் பிரைமர் கட்டாயம். முழுச் சுவருக்கும் பட்டி என்றால் முழுச் சுவருக்கும் பிரைமர். பட்டிக்கு முன்னும் ஒரு கோட் பிரைமர் அடிக்கும் முறையில் வேலை நடந்தால், பிரைமர் கணக்கும் இரண்டு கோட். இதைப் பெயின்டரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். பட்டியை வாங்குவது கிலோவில். மூட்டையில் ஒரு கிலோவுக்கு எத்தனை சதுர அடி, எத்தனை கோட்டுக்கு என்று இருக்கும். அங்கேயும் அதே கோட் விவகாரம்தான்.

ஏற்கெனவே பெயின்ட் அடித்த சுவர் நன்றாக இருக்கிறது, நிறமும் ஏறக்குறைய அதே ஷேடு என்றால் முழுச் சுவருக்கும் பிரைமர் தேவையில்லை. பட்டி வைத்து அடைத்த இடங்கள், பெயின்ட் உரிந்த இடங்களுக்கு மட்டும் தொட்டுவிட்டால் போதும். அதற்கு ஒரு லிட்டர் டின்னே மிஞ்சும். தண்ணீர்க் கறை, புகைக் கறை, எண்ணெய்க் கறை இருந்தால் கறையை அடக்குவதற்கென்றே இருக்கும் பிரைமரைக் கேட்டு வாங்குங்கள். சாதாரண எமல்ஷனை நான்கு கோட் அடித்தாலும் கறை மேலே ஊறி வரும். கசிவு இன்னும் நிற்கவில்லை என்றால் எதையும் வாங்காதீர்கள். முதலில் கசிவை நிறுத்திச் சுவரைக் காயவிடுங்கள்.

பிரைமரும் பெயின்ட்டும் ஒன்றாக என்று எழுதிய டின்கள் விற்கின்றன. பழைய பெயின்ட் சுவரில் அவை சரிதான். புதுப் பூச்சில் அவற்றை நம்பித் தனி பிரைமரை விட்டுவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. விலை கூடிய பொருளைச் சுவருக்குக் குடிக்கக் கொடுப்பதாகத்தான் முடியும்.

பெயின்ட் கணக்கு, நிறத்தையும் சேர்த்து

இப்போது சுவர் பெயின்ட். 403 சதுர அடி, இரண்டு கோட், லிட்டருக்கு 100.

403 × 2 ÷ 100 = 8.06 லிட்டர்
சேதாரம் நூற்றுக்குப் பத்து: 0.8 லிட்டர்
மொத்தம்: சுமார் 8.9 லிட்டர்

நான்கு லிட்டர் டின் இரண்டும் ஒரு லிட்டர் டின் ஒன்றும் சரியாக இருக்கும். பத்து லிட்டர் பக்கெட் கிடைத்தால் அதுவும் நல்லதே. சீலிங்குக்கு 120 × 2 ÷ 100 = 2.4, சேதாரத்தோடு 2.6. மூன்று லிட்டர்.

இரண்டு கோட் என்று எல்லோரும் சொல்வது வெளிர் நிறத்தின் மேல் வெளிர் நிறம் அடிக்கும்போதுதான் பொருந்தும். பரப்பை மூடுவது வேறு, பழைய நிறத்தை மறைப்பது வேறு. வெள்ளையிலும் வெளிர் ஷேடுகளிலும் மறைக்கும் வேலையைச் செய்வது டைட்டானியம் டைஆக்சைடு என்னும் வெள்ளைத் தூள். அடர்ந்த நிறம் கலப்பதற்கான பேஸில் (கடையில் நிறம் சேர்ப்பதற்கு முன் டின்னில் இருக்கும் பெயின்ட்) அது மிகக் குறைவாகவே இருக்கும், இல்லாவிட்டால் நிறம் வெளுத்துவிடும். அதனால்தான் பளிச்சென்ற சிவப்பும் மஞ்சளும் ஆரஞ்சும் இரண்டு கோட்டில் அடங்காமல் மூன்று, சில சமயம் நான்கு கோட் கேட்கின்றன. நம் அறையில் மூன்று கோட் என்றால் 403 × 3 ÷ 100 = 12.1, சேதாரத்தோடு 13.3 லிட்டர்.

இதைக் குறைக்க ஒரு வழி உண்டு. பிரைமரிலேயே நிறம் கலந்து வாங்குவது. அடர்ந்த சிவப்புக்கு அடியில் வெள்ளை பிரைமருக்குப் பதில் சாம்பல் நிற பிரைமர் அடித்தால் பெயின்ட் சீக்கிரம் மூடும். அடர்ந்த பழைய நிறத்தின் மேல் வெளிர் நிறம் அடிக்கப் போகிறீர்கள் என்றால், முழுச் சுவருக்கும் ஒரு கோட் வெள்ளை பிரைமர் போடுங்கள், ஒரு கோட் பெயின்ட் மிச்சமாகும். ஒரு சுவருக்கு மட்டும் அடர் நிறம் என்றால் அந்தச் சுவரைப் பிரித்துத் தனிக் கணக்குப் போடுங்கள்.

கதவு, நிலை, ஜன்னல் கம்பி இவை எனாமல் கணக்கு, சுவரோடு சேராது. 21 சதுர அடிக் கதவுக்கு இரண்டு பக்கமும் சேர்த்து 42. ஜன்னல் கம்பிகளுக்கு ஒவ்வொரு கம்பியாக அளக்க வேண்டியதில்லை. ஜன்னலின் நீள அகலத்தைப் பெருக்கி வரும் பரப்பையே கம்பிகள் முழுவதுக்குமான பரப்பாக எடுத்துக்கொள்வது வழக்கம்.

வாங்கும்போதும் அடிக்கும்போதும்

நிறம் கலந்த பெயின்ட்டைச் சற்றுக் கூடுதலாக வாங்குங்கள். குறைந்துபோனால் மறுபடி கலக்கும்போது இம்மியளவு வித்தியாசம் வரலாம், சுவரின் நடுவில் அது பட்டென்று தெரியும். வெள்ளை பிரைமரில் அந்தக் கவலை இல்லை. நிறம் கலக்காதது என்பதால் பிறகு ஒரு டின் வாங்கினாலும் ஒன்றுதான்.

ஒரே ஷேடில் இரண்டு மூன்று டின் இருந்தால், தொடங்குவதற்கு முன் எல்லாவற்றையும் ஒரு பெரிய பக்கெட்டில் ஊற்றிக் கலக்கிவிடுங்கள். டின்னுக்கு டின் இருக்கும் சிறு வேறுபாடு காணாமல் போய்விடும். ஏதோ காரணத்தால் புது டின்னுக்கு மாறியே ஆகவேண்டும் என்றால் ஒரு சுவரை முடித்து, மூலையில் மாறுங்கள்.

முதல் கோட் முடிந்ததும் மிச்சத்தைப் பாருங்கள். கணக்கைச் சரிபார்க்க இதைவிட நல்ல நேரம் கிடையாது. இரண்டாவது கோட் முதல் கோட்டைவிடக் குறைவாகவே குடிக்கும், சுவர் ஏற்கெனவே மூடிவிட்டது. வாங்கியதில் பாதி கையில் இருந்தால் கவலையில்லை. பாதிக்கும் நன்றாகக் குறைந்துவிட்டது என்றால் அப்போதே அதே ஷேடில் இன்னொரு டின் வாங்கி, மிச்சத்தோடு கலந்துவிட்டு இரண்டாவது கோட்டைத் தொடங்குங்கள்.

எல்லாம் முடிந்து அரை லிட்டர், முக்கால் லிட்டர் மிஞ்சினால் அது வீண் இல்லை. ஆணி அடித்த இடத்தையும் பீரோ உரசிய இடத்தையும் தொட்டுவிட அதே பெயின்ட்தான் வேண்டும். பெரிய டின்னில் அடியில் கிடக்கவிட்டால் காற்றுப் பட்டு ஆடை கட்டிவிடும். சின்ன, இறுக்கமான டப்பாவுக்கு மாற்றி, மூடியின் மேல் ஷேடு எண், பேஸ், பேட்ச் எண், எந்த அறை, எந்தத் தேதி என்று எழுதி வையுங்கள். கூடவே அந்த அறைக்கு உண்மையில் எத்தனை லிட்டர் பிடித்தது என்பதையும் எழுதிவிட்டால் அடுத்த முறை டேப்பே எடுக்க வேண்டியதில்லை.